செங்கலுக்குக் காசு வேண்டாம்

உலர்பாலத்துச் சந்தையில் விற்றவன்
மூன்று கால்களைத் தட்டிக் காட்டினான்.
நான்காவதைப் பேச்சில் சேர்க்கவில்லை.
அந்த இடத்தில் ஒரு செங்கல் நின்றது.
"செங்கலுக்குக் காசு வேண்டாம்" என்றான்,
தாராளமாக.

லிஃப்டுக்குள் நுழையாது.
நுழைந்தாலும் நாணயம் போடச்
சில்லறை இல்லை எங்களிடம்.
ஏழு மாடி. கீழ்முனை ஷால்வா, மேல்முனை நான்.
ஒவ்வொரு திருப்பத்திலும் அவன்
என் வம்சத்தை ஒரு தலைமுறை பின்னால் போய் விசாரித்தான்.

அடுக்களைதான் பட்டறை.
சூப் சட்டிக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் டப்பா,
டப்பாவுக்குள் வச்சிரம். கொதிக்கவிடக் கூடாது.
செத்த மாட்டின் வாடை திரைச்சீலையில் ஏறி
மூன்று ஞாயிறு ஆகியும் இறங்கவில்லை.

அரக்கைச் சாச்சாவில் கரைக்கலாமென்று
கொழுந்தன் ஒரு புட்டி கொண்டுவந்தான்.
கரையாது. வீட்டுச் சாராயத்தில் தண்ணீர் அதிகம்.
அடியில் கட்டி கட்டியாய்ப் படிந்ததை
இருவரும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம்.
புட்டியின் மீதியை அவனே குடித்தான்,
விஞ்ஞானத்துக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுகட்ட.

மேலே தரைக்கு அடிக்கிற செம்பழுப்புப் பெயின்ட்,
மூன்று பூச்சு.
சுரண்டினால் சுருள் சுருளாய் வந்தது.
உள்ளே அக்ரூட்டின் கறுத்த ரேகை,
சாய்ந்து ஓடி, கதவின் மூலையில்
எதையோ மறந்தாற்போல் திரும்பியிருந்தது.
பொங்கிய வெனீரைப் பிளேடால் கீறி
ஊசியில் வச்சிரம் ஏற்றி
இஸ்திரிப் பெட்டியால் ஒத்தடம் கொடுத்தேன்.
இதுவரை எல்லாம் கை சொல்லிய வேலை.

கதவைத் திறந்தால் உள்ளே தட்டுகள் இல்லை.
இழுப்பறைகளுக்கு முகம் உண்டு, அடி இல்லை.
முதுகில் பலகைக்குப் பதில்
நிவாரணப் பால்பவுடர் வந்த அட்டை,
ஆணியடித்து.

கவிழ்த்துப் போட்டேன்.
கால் முறிந்திருக்கவில்லை.
அறுத்திருந்தார்கள்.
வெட்டுக்குப் பக்கத்தில் மூன்று ரம்பக்கீறல்,
தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கியது.

எனக்கு இந்த வரிசை தெரியும்.
முதலில் உள்தட்டுகள்: கதவை மூடினால் தெரியாது.
பிறகு முதுகு: சுவரைத்தானே பார்க்கிறது.
பிறகு இழுப்பறைகளின் அடி.
முகத்தைக் கடைசிவரை தொடமாட்டார்கள்,
யாராவது வந்தால் வேண்டுமே.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் வீட்டு ரம்பம்
ஒரு முனை அம்மா, மறுமுனை நான்.
பன்னிரண்டு வயது.
பியானோ இருக்கை இருபது நிமிடம் எரிந்தது.
புத்தக அலமாரி இரண்டு ராத்திரி.
புத்தகங்கள் அவ்வளவு நேரம் தாங்கவில்லை.

இந்த வீட்டார் ஒரே காலோடு நிறுத்தியிருக்கிறார்கள்.
மார்ச் வந்திருக்கும்.
அல்லது எரிவாயு ஒரு மணி நேரம் வந்திருக்கும்.
அல்லது ரம்பம் பிடித்தவர்
அலமாரி சாய்வதைப் பார்த்து
செங்கல் தேடப் போயிருப்பார்.

"சாயம் ஏற்றிவிடு, பழசோடு ஒன்றிப்போகும்"
என்கிறான் ஷால்வா, புதுக்காலைக் காட்டி.
சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும்.
வெளிறிப்போய் நிற்கிறது அது,
புதிதாய் முடிவெட்டிய பையனின் கழுத்துபோல.
செங்கலை இன்னும் எடுக்கவில்லை, பக்கத்திலேயே இருக்கிறது.

அது இரண்டாவதாகச் செதுக்கியது.
முதல் கால் ஒரு விரற்கடை குட்டையாகிப்போனது.
ககேத்தியிலிருந்து வந்த நல்ல அக்ரூட் கட்டை.
கீழே முற்றத்தில் கறி சுட
விறகு கேட்டு வந்தார் நோதார்.
திராட்சைக்கொடிதான் ருசி, இது இருந்தாலும் போதும் என்றார்.
கொடுத்துவிட்டேன்.

ஏழாம் மாடிக்குப் புகை ஏறி வந்தபோது
தட்டுகளைத் துடைத்து உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தேன்.
"நல்ல வாசனை, என்ன மரம்?" என்றான் ஷால்வா
ஜன்னலில் தலையை நீட்டி.

"அக்ரூட்" என்றேன்,
ஜன்னல் பக்கம் திரும்பாமலேயே.