அரைச் சில்லு

மஞ்சூரில் மின்சாரம் போனது
இரவு இரண்டு பத்துக்கு.
வந்தது இரண்டு பதினேழுக்கு.
அந்த ஏழு நிமிடத்தில்
முப்பத்தோராம் வளைவுக்கு மேலே
மண்ணில் புதைத்த கருவி
என்னை விட்டுவிட்டுத்
தனியாக எண்ணிக்கொண்டு போய்விட்டது.

அது கத்திப் பேசும் ரகமில்லை.
ஒரு சொல்லுக்கு
ஆயிரத்து இருபத்து மூன்று சில்லுகள்;
அலைவரிசை முழுக்க இறைத்துவிடும்,
கொத்திய நிலத்தில் ராகியை வீசுவதுபோல.
இரைச்சலுக்கு அடியில் கிடக்கும்.
பிறர் காதுக்கு வெறும் கரகரப்பு.
இன்றைக்கு எனக்கும் அதுதான்.
உடைத்த வரிசை மனப்பாடம்,
எங்கிருந்து தொடங்கினாய் என்பதுதான் தெரியவில்லை.

என் நகலை அரைச் சில்லு நகர்த்து.
பெருக்கு. கூட்டு. ஒன்றுமில்லை.
இன்னும் அரை.
ஒன்றுமில்லை.
வெளியே தேயிலை மேல் உறைபனி உட்கார்கிறது.
இந்தக் குளிரில் அங்கே படிகத்தின் துடிப்பு விலகும்;
அதிர்வெண்ணையும் ஒரு மயிரிழை தள்ளி
மறுபடி முதல் சில்லிலிருந்து.

போஜன் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனான்,
"அக்கா, முதல்ல எழும்புற முகட்டை நம்பாதீங்க."
நம்பினேன்.
நாலே முக்காலுக்குத் திரையில் ஒரு மேடு,
பச்சை விளக்கு,
முதல் எண்:
சரிவு நாற்பத்தொரு பாகை சாய்ந்திருக்கிறது.

நாற்பத்தொன்று என்றால் சாலை இல்லை.
ஐந்தரைக்குக் கோவைக்கு இறங்கும் முதல் வண்டி
காற்றில்தான் திரும்ப வேண்டும்.
போன் போட்டு நிறுத்தச் சொன்னேன்.

அடுத்த எண்: கழித்தல் பதினேழு.
அதற்கடுத்தது எண்பத்தெட்டு.
மலை இப்படி மனம் மாறாது.
முகட்டைத் திரும்பப் பார்த்தேன்:
இருக்க வேண்டிய உயரத்தில் பாதிகூட இல்லை.
வேறெங்கோ தொடங்கியதோடு
தற்செயலாகக் கொஞ்சம் ஒத்துப்போயிருக்கிறேன்.

கையிலிருந்ததை விடுவது
தேடுவதைவிடக் கடினம்.
விட்டேன்.
ஸ்டாண்டிலிருந்து போன்மேல் போன்.
"போகலாமா கூடாதா, ஒண்ணு சொல்லுங்க மேடம்,
டயாலிசிஸ் பேஷன்ட் உட்கார்ந்திருக்காரு."
"இருங்க" என்றேன்.
அரை. அரை. அரை.

ஆறு பன்னிரண்டுக்கு எழுந்தது.
ஊசி போல, தனியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.
சாய்வு: புள்ளி இரண்டு.
நேற்றும் அதுதான்.
"போகச் சொல்லுங்க."
அவர் நன்றி சொல்லவில்லை.

பிடிப்பது ஒன்று, பிடித்து வைப்பது இன்னொன்று.
இனி என் நகல்கள் மூன்று:
ஒன்று அரைச் சில்லு முந்தி,
ஒன்று அரைச் சில்லு பிந்தி.
இரண்டும் ஒரே அளவு தவறினால்
நடுவில் இருப்பது சரி.
வெயில் ஏற ஏறப் படிகம் மாறும்,
நானும் கூடவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

டீ ஆறிப்போயிருந்தது.
ஹாரன் சத்தம் வளைவு வளைவாக
மூடுபனிக்குள் இறங்கிக் காணாமல் போனது.
கொஞ்ச நேரம் கழித்துத் திரையில்
புள்ளி இரண்டு,
புள்ளி இரண்டு,
புள்ளி மூன்று,
புள்ளி இரண்டு.

வண்டி கடந்துவிட்டது.