கோப்பைக் கணக்கு

முதல்முறை ரைலியின் அறைக்குப் போனபோது
ராஹே தெருக்களில் காட்டுப்பழம் சிவக்கத் தொடங்கியிருந்தது.
படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.
நாளொன்றுக்கு எத்தனை காப்பி?
இரண்டு என்றேன்.

ஐந்து.
மூன்று, வேலைக்கு.
ஒன்று, குளிருக்கு.
ஐந்தாவதைப் பாதிக்குமேல் குடித்ததில்லை.
வீட்டில் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல்
மெஷின் கரகரக்கும் அல்லவா,
அந்தச் சத்தத்துக்காகப் போடுவது.

மது?
இல்லை என்றேன்.

ஜூன் கடைசியில், சூரியன் அடைய மனமில்லாத இரவில்,
கடற்கரையில் விறகடுக்கிக் கொளுத்தினார்கள்.
பிளாஸ்டிக் டம்ளரில் வெள்ளை ஒயின், இரண்டு முறை.
அப்போது நீ
எனக்குள் ஒரு கடுகளவுகூட இல்லை.
இருந்தாய் என்பதே
எனக்கு ஜூலையில்தான் தெரியும்.

துறைமுகத்தில் என் வேலை எடை போடுவது.
மேடையில் லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழிப்பேன்.
சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை.
கழித்தால் கிடைப்பதுதான் சரக்கு.
இதைத் தவிர வேறு கணக்கு அறியாதவள் நான்.

மார்ச்சில் வந்தாய். மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து கிராம்.
விரல்களை எண்ணினேன், சரியாக இருந்தன.
பால் வந்தது.
வேறெதுவும் வரவில்லை.

வெளிச்சம் திரும்பிவிட்டது,
இரவு எட்டரைக்கும் ஜன்னலில் அது நிற்கும்,
போகச் சொல்லியும் போகாத விருந்தாளியாக.
இங்கே குழந்தைகளைப் பகலில்
பால்கனிக் குளிரில்தான் தூங்க வைப்பார்கள்.
போர்வைக்குள் உன் மூக்கு மட்டும் சிவந்திருக்கும்.
பக்கத்தில் என் கோப்பையில் ஆடை கட்டிப் பின்
ஆடை உறையும்.
நான் கழித்துக்கொண்டிருப்பேன்:
ஐந்திலிருந்து இரண்டை,
ஒயினிலிருந்து உன்னை,
உன்னிலிருந்து என்னை.

இரண்டாவது படிவத்தில் பத்துக் கேள்விகள்.
சிரிக்க முடிகிறதா? வழக்கம்போல்.
நாளையை ஆவலோடு பார்க்கிறேனா? வழக்கம்போல்.
பேனா வழுக்கிக்கொண்டு போனது,
காரணமில்லாமல் உங்களையே
குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா
என்ற வரி வரை.

நின்றேன்.
காரணம் இருக்கிறதே, ரைலி.

பிறகு எல்லாம் கொட்டியது. டம்ளர், தீ, ஐந்து.
நீ அவள் மடியில் கிடந்து
அவள் அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாய்.

அதனால்தான் இது என்று சொல்ல
என்னிடம் ஆதாரமில்லை, ஹேட்டா, என்றாள்.
அதனால் இல்லை என்று சத்தியம் செய்யவும் மாட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
அந்த ஐந்தாவது காப்பி எத்தனை மணிக்கு? என்றாள்.

இரவு பதினொன்று.
துவோமோ உருக்காலைக்குக் கிளம்பிய பிறகு.

எப்போதிலிருந்து?

யோசித்துப் பார்த்தேன். இந்தக் குளிர்காலம், முந்தியது,
அதற்கும் முந்தியது.
கடற்கரைத் தீக்கு வெகு முன்பே
அந்த மெஷின் செருமிக்கொண்டிருந்தது.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் கையால் எழுதினாள்,
எழுதிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்தாள்.
அடுத்தது ஆலைக்கு.

அவன் இரும்பு நுனி பூட்ஸோடு வந்து நின்றான்,
எதைத் தொடலாம் என்று தெரியாமல்.
உன்னைத் தொட்டான்.
நான் மதியம் மூன்று மணிக்குத் தூங்கினேன்,
எழுந்தபோதும் இருட்டியிருக்கவில்லை.

தேறிவிட்டேன் என்று இதை எழுதவில்லை.
மாத்திரை உண்டு, வியாழக்கிழமை உண்டு,
நீ அழும்போது
சுவரைப் பார்க்கும் நாளும் உண்டு.

உனக்கு இன்னும் பெயர் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வருகிறார்.
விருந்துக்குச் சபை மண்டபத்திலிருந்து
பெட்டி பெட்டியாகக் கோப்பைகள் வந்திருக்கின்றன.
எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

துவோமோவை எண்ணச் சொன்னேன்.