வியாழக்கிழமை மனிதன்

ஞாயிறு இரவு பாத்திரம் கழுவிய ஈரக்கை காயுமுன்
ஆரின் தொடையில் ஊசி போட்டுக்கொள்வான்.
திங்கள் விடிவதற்குள் வாசல் பனி மொத்தமும் வாரியாகிவிடும்,
எங்கள் வாசல் மட்டுமல்ல,
எதிர்வீட்டு வெர்னா லிண்ட்க்விஸ்ட் வாசலும்.
செவ்வாய் இரவு என் இடுப்பைத் தேடிய கை
புதன் காலை டோஸ்டரோடு சண்டை போடும்.
வியாழன் வந்தால்
தாதுமேடையில் பன்னிரண்டு மணிநேரம் பழுதுபார்த்துத் திரும்பியவன்
ஒரு பூட்ஸைக் கழற்றுவான்.
இன்னொன்று
செய்தி முடிந்து வானிலை முடியும்வரை காலிலேயே இருக்கும்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
வளைவு எங்கே வருமென்று தெரிந்துவிட்டால் போதும், ஓட்டிவிடுவேன்.
கூரை ஒழுக்கு, வங்கிக் கடிதம்,
எங்கள் லார்ஸ் கல்லூரியை விட்டுவிட்ட சேதி,
எல்லாவற்றையும் திங்களுக்கு ஒத்திவைத்தேன்.
திங்கள் வந்தால்
அவன் சீட்டியடித்துக்கொண்டு முட்டை பொரிப்பான்.
கெடுக்க மனம் வராது.

முதல் மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார்.
"மொத்தம் குறைவு" என்றார். மருந்தைக் கூட்டினார்.
ஆரின் முகம் சிவந்தது, ரத்தம் கெட்டியானது,
தலையணை உறை தினமும் வியர்வையில் நனைந்தது.
வியாழன் மட்டும் அப்படியே இருந்தது.
இல்லை, பொய். இன்னும் ஆழமாகிவிட்டது.

இரண்டாமவர் டாக்டர் பாவோலா,
டுலூத் மலைச்சரிவில், ஏரி தெரிகிற அறை.
"ஹார்மோனைக் கட்டிச் சுமக்கிற புரதம் ஒன்று உண்டு" என்றார்.
"உங்களிடம் அது ஒன்பது.
இருபதாவது இருந்தால் எனக்குக் கவலையில்லை."

ஆரின் ஜன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்தான்.
"ஜனவரி மாதம்" என்றான்.
எனக்குப் புரியவில்லை, அவருக்கும்.
"மேடையில் சரக்கு இருக்கிறது, ஏற்ற கப்பல் இல்லை."
"அதேதான். ஆனால் இந்தச் சரக்கு காத்திருக்காது.
இரண்டு நாள் ஊரெல்லாம் திரியும், பிறகு காணாமல் போகும்.
எண்ணும்போது மொத்தம் குறைவாகத்தான் வரும்.
கட்டற்றதை யாரும் எண்ணவில்லை."

கட்டற்றது.
வீடு வரும்வரை அந்தச் சொல் என் வாயில் கிடந்தது.
எங்கள் கல்யாணத்தன்று தாதுமேடைக்காரர்கள்
ஆரின் முதுகில் தட்டி, காலில் கட்டு விழுந்தது என்று சிரித்தார்கள்.
அவனும் சிரித்தான். நானும்தான்.

அப்புறம் அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார்,
கல்லீரலைப் பற்றிக் கேட்டார், சர்க்கரையைப் பற்றிக் கேட்டார்,
கப்பல் கட்டுகிற பட்டறையே அங்கேதானாம்.
லாரி இருக்கைக்கடியில் உருளும் சோடா டப்பாக்களை
ஆரின் சொல்லவில்லை. நான் சொன்னேன்.
திரும்பும் வழியில் பேசவே இல்லை.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்,
மயிரிழை ஊசி, சொட்டுக் கணக்கு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்;
இவன் இத்தனை நாள்
சுப்பீரியர் ஏரியில் கொட்டிக்கொண்டிருந்தான்.

சீட்டி நின்றுவிட்டது.
ஒரு திங்கள்கிழமை வெர்னா போன் செய்து
"ஆரினுக்கு உடம்பு சரியில்லையா, வாசல் அப்படியே கிடக்கிறதே" என்றாள்.
நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன்.
சொல்லும்போது எனக்கும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது,
அந்தத் திங்கள் ராஜாவை நினைத்து.

மார்ச்சில் ஒரு வியாழன்.
இரண்டு பூட்ஸும் கதவருகே நின்றன.
உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.
லார்ஸ் விஷயத்தைச் சொன்னேன்.
கத்தி நின்றது.
"எப்போது விட்டான்?"
"நவம்பரில்."
குளிர்பெட்டியில் ஒட்டிய நாட்காட்டியைப் பார்த்தான்,
விரல் வைத்து எண்ணுவதுபோல்.
"எந்தத் திங்களுக்கு" என்றான்,
"வைத்திருந்தாய்?"