ஒரு ராத்திரிக் கடல்

சனிக்கிழமைதோறும் பத்தே காலுக்கு
எனிட் ராப்சன் என் மேசைக்கு வருவாள்.
சீஹாம் துறைமுகச் சந்தையில்
எனக்கு இடப்பக்கம் மீன் வறுவல்,
வலப்பக்கம் நாய்களுக்குக் கம்பளிச் சட்டை.
நடுவில் நான், என் முன்னால்
"கடல் கண்ணாடி. நூறாண்டு பழசு"
என்று என் கையெழுத்தில் பொய் சொல்லும் அட்டை.

கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவாள்.
கழுத்துக் கயிற்றில் தொங்கும் உருப்பெருக்கியை
வலக்கண்ணில் ஒட்டிக்கொள்வாள்.
பரீட்சைத் தாள் திருத்துகிறவளின் நிதானம்.

"இது மெஷின்."
"இதுவும்."
"இது ஜின் பாட்டில், பர்விஸ்.
போன கிறிஸ்துமஸுக்கு நீயே குடித்தது."

சரிதான். குடித்தது நான்தான்.
கராஜில் ஒரு ரப்பர் உருளை,
உள்ளே சில்லும் தண்ணீரும் உரசுபொடியும்.
நாலு நாள் கடகடவென்று சுற்றும்.
கடலுக்கு அறுபது எழுபது வருஷம் ஆகிற வேலை.
கரண்டு பில் தனி.

அவள் பேசுவது என்னிடமில்லை,
பக்கத்தில் பர்ஸைத் திறந்தபடி நிற்கும் யாரிடமோ:
கடல் ஒரே மாதிரி தேய்க்காது.
ஒரு பக்கத்தைப் புரட்டி அடிக்கும்,
மறுபக்கத்தை மணலில் மறந்துவிடும்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்,
நகம் பதிந்ததுபோல் சின்னச் சின்னப் பிறைகள்
ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்கே இல்லாமல்.
ஒவ்வொன்றும் ஒரு கூழாங்கல் மோதிய இடம்.
இவனுடையதைப் பாருங்கள்.
பவுடர் பூசிய கன்னம்.
பட்ட அடி ஒன்றுகூட இல்லை.

பர்ஸ் மூடிக்கொள்ளும்.
சனிக்கு எனக்குச் சராசரி நஷ்டம் பதினெட்டுப் பவுண்ட்.

கோபம் வரவேண்டும். வருவதில்லை.

காரணம் அவள் கழுத்திலேயே இருக்கிறது.
வெள்ளிக் கம்பி சுற்றிய சிவப்பு,
மாதுளை முத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
பச்சை எத்தனை வேண்டுமானாலும் பொறுக்கலாம்,
சிவப்பு காணாமலே செத்தவர்கள் உண்டு இந்தக் கரையில்.
பதினொரு வருஷம் முன்பு ஒரு மார்ச் காலை,
வடக்குப் படிக்கட்டுக்குக் கீழே
ஓதம் வற்றிய சரளையில் அவளே கண்டெடுத்தது.
கதை ஊருக்கே தெரியும்.
முழங்கால் ஆபரேஷனுக்குப் பின்
அன்றுதான் முதன்முதலாக இறங்கினாளாம்.
கடல் தனக்காக எடுத்து வைத்திருந்ததாம்.

எனக்குத் தெரிந்தது வேறு.
பழைய ரயில் சிக்னல் விளக்கின் உடைந்த சில்லு.
என் உருளையின் முதல் ஈடு.
ஒரு முனையில் பொடி பிடிக்காமல்
அரிசியளவு பளபளப்பு நின்றுபோயிற்று.
நாலு பவுண்டுக்கு வாங்கியவன் நெவில் ராப்சன்.
பேரம் பேசவில்லை. பை வேண்டாம் என்றான்.
"படிக்கட்டிலிருந்து எத்தனை எட்டு நடப்பாள்,
என்ன நினைக்கிறாய்?"
முப்பது என்றேன்.
இருபது என்று குறைத்துக்கொண்டான்.
அந்தச் சில்லு பார்த்த கடல்
மொத்தமே ஒரு ராத்திரி.

இன்றும் அவன் காரில்தான் உட்கார்ந்திருக்கிறான்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு, மடியில் வறுவல் பொட்டலத்தோடு.
அவள் மேசைமேல் குனியும்போதெல்லாம்
அந்தச் சிவப்பு என் சில்லுகளுக்கு மேலே ஊசலாடும்,
பிறந்த வீட்டுக்கு வந்த பெண்போல.
அரிசிப் பளபளப்பு எனக்குக் கண் சிமிட்டும்.
நெவில் அவசரமாகக் கடலைப் பார்ப்பான்.

இன்று ஒரு சுற்றுலாக்காரி கேட்டுவிட்டாள்:
"அதையும் இதே லென்ஸில் பார்த்தீர்களா?"

எனிட் உருப்பெருக்கியை இறக்கினாள்.
கட்டைவிரலால் சிவப்பைத் தடவினாள்,
சரியாக அந்த முனையை.
தேடவில்லை. விரலுக்கு வழி தெரிந்திருந்தது.
"இதை எதற்கு?" என்றாள்.

பிறகு என் மேசையில் இருப்பதிலேயே
மோசமான பச்சை ஒன்றை எடுத்து,
"மெஷின்" என்று சொல்லி,
இரண்டு பவுண்ட் வைத்தாள்.
நான் காகிதப் பையை ஊதிப் பிரித்தேன்.
பை வேண்டாம் என்றாள்.