பதினொன்று வரை

எட்மன்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கட்டடத்தின் அடித்தளத்தில், கறுப்புத் திரைக்குள்
நானும் ஒரு துகளும்.

போன வாரம் ஆயிரத்து நூறு பாகையில் வெந்து
எலும்புவரை இறங்கும் அமிலத்தில் குளித்து
வெளியே வந்த சிலிக்கான்.
(கால்சியக் களிம்பு மேசையிலேயே இருக்கும்.
மூடியைத் திருகி வைப்பதில்லை.)

பெரிய சிலிக்கான் கணக்குப் போடும், ஒளிராது.
அதன் மேல்மாடிக் கதவுக்கு நேர் கீழே
கீழ்மாடியில் கதவு கிடையாது.
இறங்க நினைக்கும் எலக்ட்ரான்
யாராவது உலுக்கித் தள்ளிவிடட்டும் என்று
நின்று நின்று
கையிருப்பையெல்லாம் வெறும் சூடாகச் செலவழித்துவிடும்.

அந்த வீட்டையே நொறுக்கு.
மூன்று நானோமீட்டர்.
எழுநூறு அணுக்கள், கூடக்குறைய.
கதவு எந்தப் பக்கம் என்று கேட்கவே இடமில்லாத நெருக்கடி.
இப்போது விழுகிறது.
விழுகிற விழுக்காடுதான் சிவப்பு.
இன்னும் நொறுக்கினால் ஆரஞ்சு.

நான்கு மணி நேரப் பதிவில் மூன்றாவது மணி.
திரை விலகியது, சுவிட்ச் தட்டிய சத்தம்,
கேமரா முழுக்க வெள்ளை.
வாளியும் துடைப்பமுமாக அவள்.
அட்டையில் லெத்தெபிர்ஹான் என்று போட்டிருந்தது.
நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"என்ன இருக்கு இங்கே, இவ்வளவு கத்தறதுக்கு?"
விளக்கை அணைத்துத் திரையைக் காட்டினேன்.
இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி, ஈயளவுகூட இல்லை.
"இதுக்கா?"
ஆமாம், இதற்குத்தான்.

அப்போது பார்த்து அது அணைந்தது.
"என்னால செத்துப்போச்சா?"
இல்லை, ஒரு எலக்ட்ரான் வெளியே ஓடி
ஓரத்தில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.
அது வீடு திரும்பும்வரை
எவ்வளவு வெளிச்சம் ஊட்டினாலும் உள்ளே சூடுதான்.
"எப்ப வரும்?"
தெரியாது. அதைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.
தன் மொழியில் எண்ணத் தொடங்கினாள்:
ஹாதெ. கில்த்தெ. செலெஸ்த்தெ.
கணினியைவிட நிதானமாக,
சோறு வேகக் காத்திருக்கிறவள் மாதிரி.
ஏழில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.
பத்தில் அவள் குரல் கொஞ்சம் கீழே இறங்கியது.
பதினொன்றில்
சிவப்பு.

கை தட்டவில்லை, சிரிக்கவுமில்லை.
"வந்துட்டான்," என்றாள்.
என் மொழியில் எலக்ட்ரான் ஆணுமில்லை பெண்ணுமில்லை.
கார்ட்டூமில் நான்கு வருஷமாக
ஒரு முத்திரைக்காகக் காத்திருக்கும் ஆளைப் பற்றி
மார்ச் மாதம்தான் சொன்னாள், அதுவும் பாதி.

பதினொன்றே முக்காலுக்கு அவள் பேருந்து.
பனிக்காலணி மாட்டுவதற்குள் புள்ளி
இரண்டு முறை போய் வந்தது,
அதை யாரும் எண்ணவில்லை.

மறுநாள் பேராசிரியர் ஹால்வர்சன் கேட்டார்,
பதிவேட்டில் இது என்ன, பென்சிலில்:
"அணைவு: 11. அலகு: லெத்தெபிர்ஹான்."
அழித்துவிடச் சொன்னார்.
அழித்தேன்.
காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தால்
பள்ளம் இன்னும் தெரிகிறது.