புதன்கிழமை, புது இதழ்

பூட்ஸ் பனியை வாசலிலேயே தட்டவில்லை.
அப்போதே தெரிந்துவிட்டது, கோபமாக வந்திருக்கிறார்.

வெண்கலப் பருந்துக்கு
மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டார்களாம்.

"நாற்பத்தொரு வருஷமாக
அவனுக்கு வயது இருபத்தொன்பது!"
கல்லாவில் குத்துகிறார் கொவால்சிக்,
நான்தான் வரைந்தவள் என்பதுபோல.

ஒருமுறை கொன்றார்கள். பொறுத்துக்கொண்டார்.
ஏழாம் மாதம் எழுப்பினார்கள். அதையும்.
அங்கியைப் பிடுங்கியபோது கடிதம் போட்டார்;
அங்கி திரும்பி வந்தது.
தன்னால்தான் என்று
மில்வாக்கி பஸ் டிப்போ முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

வரிசையில் பின்னால் நின்ற சிறுமி
பருந்தை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டாள்:
"முன்னாடி கண்ணாடி இல்லையா?"

கடையில் ஹீட்டர் சத்தம் மட்டும்.

அவர் தன் கண்ணாடியை
நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.
பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார்.
நெடுநேரம்.

"காதுக்குப் பின்னால்
கம்பி இப்படி மடங்காது.
போட்டுப் பழகாதவன் எவனோ வரைந்திருக்கிறான்."

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்.
ஒன்று படிக்க, ஒன்று உறையில் வைக்க,
எப்போதும்போல.

பிறகு, தபால்தலை இருக்கிறதா என்றார்.
இருந்தது.
காசு வாங்கவில்லை.