புள்ளி

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
என் கடைக்கு வெளிச்சம் குறையும்.
வாசலை மறித்து நிற்கும் பஸ்ஸின் விலாவில்
நகைக்கடைக்காரி சிரிப்பாள்,
அவள் மூக்குக்குக் கீழே ஒரு காற்றுக் கொப்புளம்.
நான் ஒட்டியதில்லை. மன்னார்குடி வேலை.

ஐந்து நிமிஷமோ அரைமணியோ
சரக்கு ரயில் போகும்வரை
நிற்கிற வண்டிகளின் முதுகைப் படிப்பேன்.
முருகன் துணையில் ஒரு சுழியைத் தின்றவன் யார்,
எந்தக் கருப்பு சாம்பலாகிவிட்டது,
எந்த ஓரம் நாக்கை நீட்டத் தொடங்கிவிட்டது.
எனக்கு வர வேண்டிய முந்நூறு ரூபாய்
செங்கல் டிராக்டர் ஒன்றின் மட்கார்டில் நின்றுகொண்டிருக்கும்.

மார்கழியில் பத்து மணிக்கு முன் எதுவும் ஒட்டாது,
தகரத்தில் பனி.
தை பிறந்து அறுப்பு மெஷின்கள் இறங்கிவிட்டால்
எவ்வளவு துடைத்தாலும் ஷீட்டுக்கடியில்
நெல் சுனை ஒன்று மாட்டும். மயிரளவு மேடு.
சோப்புத் தண்ணி, ரப்பர் பட்டை, ஹீட்கன், ஊசி.
வெட்டும்போது கரண்ட் போனால்
பாதி முருகன், வேலில்லாமல்.

உத்திராபதி குட்டியானை எடுத்தபோது
சீட்டில் ஷோரூம் பாலித்தீன்கூட பிரிக்கவில்லை.
பின்கதவில் மகள்கள் பேர் வேண்டும்.
யாழ்நிலா. மகிழ்மதி.
மஞ்சளில், வெள்ளை பார்டர், நடுவில் மயில்.
மயிலுக்குத் தனிக்காசா? அப்போ மயில் வேண்டாம்.
கம்ப்யூட்டரில் விரல் வைத்து
"இன்னும் கொஞ்சம் பெருசு, இன்னும் கொஞ்சம்" என்றார்
கதவு தீரும்வரை.

மூன்றாம் வருஷம் அதே வண்டி
வடுவூர்க்காரர் ஒருவரோடு வந்தது.
தவணை நின்று, வண்டியைத் தூக்கி, ஏலம் போய்...
அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
"பேரை எடுத்துடுங்க."

சூடு காட்டி ஓரம் தூக்கினால்
நல்ல ஷீட் தோலாய் வரும். இது நல்ல ஷீட்.
யாழ்நிலா ஒரே இழுப்பில் வந்தாள்.
மகிழ்மதி கடைசி எழுத்தில் கிழிந்து
தின்னர் கேட்டாள்.
தள்ளி நின்று பார்த்தேன்.
வெயிலில் வெளுத்த நீலத்துக்கு நடுவே
வாங்கிய அன்றைய நீலத்தில்
இரண்டு பேரும், பார்டரும் சேர்ந்து கொஞ்சம் பருத்து,
பளிச்சென்று.

"என்னம்மா, எடுக்கச் சொன்னா எழுதி வெச்சிருக்கீங்க?"

பதில் இருந்தது என்னிடம், சதுர அடிக்கு இவ்வளவு என்று.
கதவு முழுக்கச் சிவப்பில் மூடி
அவருடைய அய்யனாரைக் குதிரையோடு ஒட்டினேன்.
ஆயிரத்து எண்ணூறு. அந்த மாசக் கடை வாடகையில் பாதி.
மூடும்போதுதான் பார்த்தேன்,
ழகரத்துப் புள்ளி ஒன்று கதவிலேயே தங்கிவிட்டிருந்தது.
சுரண்டியிருக்கலாம்.
"கேட்டைத் தெறந்துட்டான், சீக்கிரம்."
இப்போது குதிரையின் வயிற்றில்
தடவினால் மட்டும் தெரியும்.

மாசிக் கடைசியில் உத்திராபதி வந்தார்.
பழைய டிவிஎஸ் எக்ஸெல், நம்பர் பிளேட் வளைந்து.
"அதே பேருதான். சின்னதா. எவ்வளவு ஆகும்?"
கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது:
உத்ரா பின்கதவு பைனல் பைனல் ரெண்டு.
பன்னிரண்டு சதவீதம் என்று அடித்தேன்.
மெஷின் ஒரு தும்மல் நேரத்தில் வெட்டிவிட்டது.

சின்ன எழுத்தில் சிக்கல் எழுத்தில் இல்லை, புள்ளியில்.
வேண்டாத ஷீட்டை உரிக்கையில் அதோடு போய்விடும்.
போனால் யாழ்நிலா, யாழநிலா.
குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடி
ஊசிமுனையில் ஒன்றை எடுத்து வைத்தேன்.
இன்னொன்று அகப்படவில்லை.
துண்டு மஞ்சளில் கத்தியால் நறுக்கினேன்,
வட்டமாய் வரவில்லை.
கண்ணாடி போடாமலே பார்த்து
"சரியா இருக்கு" என்றார்.
ஐம்பது கேட்டேன். நாற்பது கொடுத்தார்.
பத்து அப்புறம்.

ராத்திரி சோறு பிசையும்போது
என் முழங்கையில் எதையோ பார்த்துவிட்டு
மகன் சிரித்தான்.
"அம்மா, நீ மெய்யெழுத்து."

கழுவினேன். போகவில்லை.
நல்ல ஷீட்.